வாங்கிய கையும் கொடுக்கும் கையும்

நம் தேசம் அன்னிய தேசம் ஒன்றுடன் சேர்ந்து ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்தது என்ற செய்தி வந்தால் போதும். நம்மவர்களிடையே உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "எல்லாம் அன்னியன் கொடுத்த சரக்கு, நம்முடையது என்று இதில் என்ன இருக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்குவோர் ஒரு கட்சி. "நமக்கு ஒருவர் தயவும் வேண்டியதில்லை, எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம்" என்று மார்தட்டுவோர் மற்றொரு கட்சி. இந்திய விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனமாகிய இஸ்ரோவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இவ்விரு கட்சியாரும் ஆவேசத்துடன் வாதாடுவதை நாம் கேட்டிருக்கிறோம். நமது மாணவர்களும் வீட்டில் கேட்ட கட்சியை அப்படியே வகுப்புக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதற்கு ஆவேசம் தேவையில்லை; கணக்குப் புஸ்தகம் போதும். சென்ற அறுபது வருஷங்களில் வானவெளி விஷயத்தில் நாம் பிறரிடம் வாங்கியது என்ன, பிறருக்குக் கொடுத்தது என்ன, கேட்டும் கிடைக்காமற் போனது என்ன என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் உண்மை தானே வெளிப்படும். அந்தக் கணக்கைத்தான் வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

தேவாலயத்தில் ஓர் ஆராய்ச்சிச் சாலை

திருவனந்தபுரத்துக்கு அருகே அரபிக் கடலோரத்தில் தும்பா என்று ஒரு மீனவர் கிராமம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே தென்னந்தோப்பும், மணலும், புனித மேரி மக்தலேனாவின் பெயரால் விளங்கிய ஒரு தேவாலயமும், அதைச் சுற்றிச் சில குடிசைகளும்தான் இருந்தன. டாக்டர் விக்ரம் ஸாராபாயும் அவருடைய தோழர்களும் இந்தக் குக்கிராமத்தைத் தேடிக்கொண்டு வந்ததற்குத் தக்க காரணம் உண்டு. பூமியின் காந்த மத்திய ரேகை தும்பாவுக்கு மிக அருகில் செல்கிறது. அந்த ரேகைக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்சார ஓட்டம் ஆறு போலக் கிழக்கு நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழச் சுற்றாது. சிறிய ராக்கெட் ஒன்றைத் தரையிலிருந்து மேலே செலுத்தினால்தான் அதனுள் புகுந்து ஆராய முடியும்.

ஆகவே, நம்மிடம் சொந்தமாக ஒரு ராக்கெட்டுகூட இல்லாத அந்த நாளிலும் உலகத்து விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்த ஒரு பொருள் நம்மிடம் இருந்தது. அது நம் மண். கணக்கின் முதல் வரியிலேயே, வாங்கியதற்கு எதிரில் கொடுத்ததும் எழுதப்பட்டிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த மண்ணைக் கொடுத்தவர்கள் பெரிய தனவந்தர்கள் அல்ல. வலை வீசிப் பிழைத்த ஏழை ஜனங்கள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா தம் சபையாரிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னார். அவர்களும் தங்கள் தேவாலயத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தார்கள். பிரார்த்தனை நடந்த மண்டபம் ஆராய்ச்சிச் சாலையாயிற்று. பிஷப்பின் இல்லம் காரியாலயமாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறிப் பவனி வந்த புகைப்படத்தை இன்றும் பலர் பார்த்திருப்பார்கள்.

1963-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி மாலை தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் மேலே சென்றது. அந்த ராக்கெட் அமெரிக்காவினுடையது. அதன் தலையில் வைத்திருந்த ஸோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் தேசத்தினுடையது. ஸோவியத் ருஷ்யா தன் பங்குக்கு ஒரு கணக்கிடும் யந்திரத்தையும் ஒரு ஹெலிகாப்டரையும் தும்பாவுக்கு அளித்தது. அமெரிக்காவும் ருஷ்யாவும் அதற்கு முந்தைய வருஷம் கியூபா விவகாரத்தில் அணு யுத்தத்தின் விளிம்பு வரையில் போய்த் திரும்பியவை. அத்தகைய இரண்டு வல்லரசுகளின் சாமான்களும் ஒரே தென்னந்தோப்பில் அக்கம் பக்கமாக இருந்தன. 1968-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி, பிரதம மந்திரி இந்திரா காந்தி தும்பா நிலையத்தை ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்துக்கு அர்ப்பணம் செய்தார். எந்தத் தேசத்து விஞ்ஞானியும் வந்து ஆராயலாம் என்று கதவைத் திறந்து வைத்த பிறகுதான், 1969-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி, இஸ்ரோ என்ற ஸ்தாபனமே தோன்றியது. பிறக்கும்போதே கூட்டுறவுத் தொட்டிலில் பிறந்த குழந்தை என்று அதனைச் சொல்வது மிகையாகாது.

இரவல் வாங்கிக் கற்ற காலம்

அடுத்த பன்னிரண்டு வருஷங்களில் நாம் பல பொருள்களை இரவல் வாங்கினோம். இரவல் வாங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை. இரவல் புஸ்தகத்தைப் படிக்காமலே திருப்பிக் கொடுப்பதுதான் அவமானம். நம்மவர்கள் அதைப் படித்தார்களா என்பதே கேள்வி.

1975-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி நமது முதல் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டா ஸோவியத் ராக்கெட் ஒன்றில் ஏறி, ருஷ்ய மண்ணிலிருந்து வானவெளியை அடைந்தது. அதன் எடை 360 கிலோ. உடுப்பியிலிருந்து வந்த யூ. ஆர். ராவின் தலைமையில், பெங்களூரை அடுத்த பீன்யாவில், கல்நார்க் கூரை வேய்ந்த கொட்டகைகளில் அது உருவாயிற்று. மேலே சென்ற சில நாட்களிலேயே மின்சாரக் கோளாறினால் அதன் ஆராய்ச்சிக் கருவிகள் ஓய்ந்துவிட்டன என்பது மெய்தான். ஆனால் செயற்கைக்கோள் செய்யத் தெரிந்த ஒரு பரம்பரை அந்தக் கொட்டகைகளிலிருந்து வெளிவந்தது.

அதே வருஷம் ஆகஸ்டு முதல் தேதி மற்றொரு சோதனை ஆரம்பமாயிற்று. அமெரிக்க ஸ்தாபனமாகிய நாஸா, ஏடிஎஸ்-6 என்ற தன் செயற்கைக்கோளை ஒரு வருஷ காலத்துக்கு நம் தேசத்தின் உபயோகத்துக்காக விட்டுக்கொடுத்தது. ஆறு மாகாணங்களில் சுமார் 2,400 கிராமங்களில், குடையைக் கவிழ்த்தது போன்ற அலைவாங்கிகளின் மூலம், டெலிவிஷன் காட்சிகள் நேரே வந்து இறங்கின. விவசாயம், சுகாதாரம், குழந்தைகளுக்கான பாடம் ஆகியவை அவரவர் பாஷையிலே வந்தன. கிராமத்து ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் போதிக்கும் பயிற்சியும் அதே வழியில் நடந்தது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதை நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். செயற்கைக்கோள் அமெரிக்காவினுடையது, ஆனால் கிராமத்தில் வைத்த பெட்டியையும் அலைவாங்கியையும் நம்மவர்களே செய்தார்கள், நிகழ்ச்சிகளும் நம்முடையவையே. 1976-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி தவணை முடிந்தது. அப்புறம் நமக்கென்று செயற்கைக்கோள் வரிசை வேண்டும் என்பதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த எண்ணத்தின் பயன்தான் இன்ஸாட் வரிசை. அதன் முதல் தலைமுறையை அமெரிக்கக் கம்பெனியிடம் வாங்கினோம். 1992-ம் வருஷம் மேலே சென்ற இரண்டாம் தலைமுறையை நாமே செய்தோம்.

1981-ம் வருஷம் ஜூன் 19-ந் தேதி ஆப்பிள் என்ற நமது செயற்கைக்கோளை ஐரோப்பிய ராக்கெட்டாகிய ஏரியான் தன் சோதனைப் பயணத்தில் சுமந்து சென்றது. அந்த ஆப்பிளைத்தான் நம்மவர்கள் முன்பு மாட்டு வண்டியில் ஏற்றிச் சோதித்தார்கள். அதைக் கண்டு ஏளனம் செய்தவர்களும் உண்டு. உலோக வண்டியில் வைத்தால் ரேடியோ அலைச் சோதனை பிழைபடும். மர வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. மாட்டு வண்டியின் மேல் இருந்தது வறுமையன்று, புத்தி!

பிரான்ஸ் தேசத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாவற்றிலும் விசேஷமானது. 1974-ம் வருஷத்து ஏற்பாட்டின்படி நமது எஞ்சினியர்கள் பிரான்ஸுக்குச் சென்று, வைகிங் என்ற திரவ எரிபொருள் எஞ்சினை உருவாக்கும் வேலையில் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து உழைத்தார்கள். அந்த உழைப்புக்கு ஈடாக எஞ்சின் செய்யும் வித்தை நமக்குக் கிடைத்தது. அந்தக் கோஷ்டிக்குத் தலைமை வகித்த நம்பி நாராயணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அவ்விதம் கற்று வந்த வித்தையால் பிறந்த விகாஸ் எஞ்சின், திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள மகேந்திரகிரியின் அடிவாரத்தில் சோதிக்கப்பட்டு, இன்றுவரை நமது பெரிய ராக்கெட்டுகளை உந்திக்கொண்டிருக்கிறது. நாம் கொடுத்தது உழைப்பு, பெற்றது வித்தை. பிச்சை என்று இதற்குப் பெயர் சொல்வது எப்படிப் பொருந்தும்?

கேட்டும் கிடைக்காதது

இனிக் கணக்கின் கசப்பான பக்கத்துக்கு வருவோம்.

கனமான செயற்கைக்கோளை மிக உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால், திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின் வேண்டும். ஹைட்ரஜன் திரவமாக இருக்க வேண்டுமானால் அதைப் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். அத்தகைய கடுங்குளிரில் சாதாரண உலோகமும் கண்ணாடி போல் நொறுங்கும். ஆகவே இந்த எஞ்சினைச் செய்யத் தெரிந்த தேசங்கள் மிகச் சிலவே. 1991-ம் வருஷம் இஸ்ரோ, ஸோவியத் ஸ்தாபனமாகிய கிளாவ்காஸ்மாஸுடன், எஞ்சின்களையும் அவற்றைச் செய்யும் வித்தையையும் சேர்த்துப் பெறுவதற்கு ஒப்பந்தம் செய்துகொண்டது.

அந்த வருஷ முடிவில் ஸோவியத் யூனியனே மறைந்துவிட்டது. 1992-ம் வருஷம் மே மாதத்தில் அமெரிக்க சர்க்கார், ஏவுகணை வித்தை பரவுவதைத் தடுக்கும் விதிகளைக் காட்டி, இஸ்ரோவின் மீதும் கிளாவ்காஸ்மாஸின் மீதும் இரண்டு வருஷத் தடை விதித்தது. நிரப்புவதற்கே வெகு நேரம் பிடிக்கும் இந்தக் குளிர்ந்த எரிபொருள் யுத்த ஏவுகணைக்கு ஏற்றதல்ல என்று நம்மவர்கள் சொல்லிப் பார்த்தார்கள், பயனில்லை. 1993-ம் வருஷம் ருஷ்யா தன் வாக்கிலிருந்து பின்வாங்கியது. செய்து முடித்த எஞ்சின்களைத் தரலாம், செய்யும் வித்தையைத் தர முடியாது என்று முடிவாயிற்று. ஏழு எஞ்சின்கள் வந்தன; வித்தை வரவில்லை.

அப்புறம் நடந்தது நீண்ட தபஸ். ருஷ்ய எஞ்சின் பூட்டிய நமது ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2001-ம் வருஷம் முதன்முதலாகப் பறந்தது. மகேந்திரகிரியில் இரவு பகலாகச் சோதித்துச் செய்த சுதேசி எஞ்சின் 2010-ம் வருஷம் ஏப்ரல் மாதம் தன் முதல் பயணத்தில் தோல்வியுற்றது. ராக்கெட் கடலில் விழுந்தது. பரிகாசம் செய்தவர்கள் இருந்தார்கள். 2014-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி அதே சுதேசி எஞ்சின் குறை ஏதுமின்றித் தன் வேலையை முடித்தது. தடை விதிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் இருபத்தொரு வருஷங்களுக்கு மேல் ஆகின்றன. தடை விதித்த அன்று பள்ளியில் சேர்ந்த குழந்தை, வெற்றி பெற்ற அன்று பட்டம் பெற்று உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

மார்தட்டும் கட்சியார் இந்த அத்தியாயத்தைக் காட்டி, "பார்த்தீர்களா? பிறரை நம்பலாமா?" என்று கேட்கக்கூடும். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பிறரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது என்பதே இதன் பாடம். பிறருடன் சேரவே கூடாது என்று பொருள் கொண்டால், அடுத்த அத்தியாயம் அதை மறுத்துவிடும்.

சந்திரனில் கண்ட நீர்

2008-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. கலத்தில் 11 ஆராய்ச்சிக் கருவிகள் இருந்தன. அவற்றில் ஐந்து நம்முடையவை. மற்ற ஆறில் மூன்று ஐரோப்பாவினுடையவை, இரண்டு அமெரிக்காவினுடையவை, ஒன்று சிறிய தேசமாகிய பல்கேரியாவினுடையது. ஒரு காலத்தில் ருஷ்ய ராக்கெட்டிலும் ஐரோப்பிய ராக்கெட்டிலும் இடம் கேட்டு நின்ற தேசம், இப்போது தன் வண்டியில் அவர்களுக்கு இடம் கொடுத்தது.

அவ்விதம் ஏறி வந்த அமெரிக்கக் கருவிகளில் ஒன்று, சந்திரனின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பகுத்துப் பார்க்கும் தன்மையது. 2009-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அந்தக் கருவியின் முடிவுகள் வெளியாயின. முற்றும் உலர்ந்த பாலை என்று எண்ணப்பட்டு வந்த சந்திரனின் மண்ணில் நீரின் அறிகுறி இருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது. இந்தப் பெருமை யாருக்கு? நம் கலம் இல்லாவிட்டால் அவர்கள் கருவி அங்கே போயிராது. அவர்கள் கருவி இல்லாவிட்டால் நம் கலம் அதைக் கண்டிராது. அரிசி ஒரு வீட்டாருடையது, அடுப்பு மற்றொரு வீட்டாருடையது என்றால், பொங்கல் இருவருக்கும் சொந்தந்தானே?

2023-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 சந்திரனின் தென் துருவத்துக்கு அருகில் இறங்கியபோதும் இதே முறைதான். இறங்கு கலத்துக்கு விக்ரம் என்று பெயர். அதன் மேல் நாஸாவின் சிறு கண்ணாடிக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கலத்தைத் தொடர்ந்து கவனிப்பதில் அமெரிக்க, ஐரோப்பிய ரேடியோ நிலையங்களும் துணை செய்தன.

தடுத்தவரே தேடி வந்தது

கணக்குப் புஸ்தகத்தின் இப்போதைய கடைசிப் பக்கம் 2025-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி எழுதப்பட்டது. அன்று நிஸார் என்ற செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே சென்றது. நாஸாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. எடை 2,392 கிலோ. அதில் இரண்டு ராடார்கள் இருக்கின்றன. ஒன்றை அமெரிக்கா செய்தது. மற்றொன்றை நாம் செய்தோம். 12 மீட்டர் அகலமுள்ள வலைக்குடை ஒன்றின் மூலம் இரண்டும் பூமியை நோக்குகின்றன. ராடாருக்கு இரவும் மேகமும் தடையல்ல. பன்னிரண்டு நாட்களுக்கு ஒரு முறை அது அதே வழியில் திரும்பி வந்து, நிலம் சில அங்குலம் நகர்ந்திருந்தாலும் கண்டு சொல்லும். பனிமலை உருகுவதையும், நிலநடுக்கத்தால் பூமி விலகுவதையும், மலைச்சரிவு தளர்வதையும், பயிர் நிலத்தின் ஈரத்தையும் அதனால் அறியலாம். அதில் கிடைக்கும் விவரங்களை எந்தத் தேசத்தாரும் விலையின்றிப் பெறலாம் என்பது ஏற்பாடு.

இந்த விலை மதிப்பற்ற பண்டத்தை மேலே கொண்டுபோன ராக்கெட் எது? ஜிஎஸ்எல்வி. அதன் உச்சியில் எரிந்த எஞ்சின் எது? மகேந்திரகிரியில் சோதித்த நமது சுதேசி கிரையோஜெனிக் எஞ்சின்! எந்த எஞ்சின் நமக்குக் கிடைக்கக்கூடாது என்று 1992-ம் வருஷம் அமெரிக்கா தடை விதித்ததோ, அதே வகை எஞ்சினை நம்பி 33 வருஷங்களுக்குப் பின் தன் செல்வத்தை ஒப்படைத்தது. இதைப் பழி தீர்த்ததாக எண்ணிக் களிப்பது சிறுமை. ஆனால் இதிலுள்ள நீதியைக் காணாமல் போவது மடமை. கையில் ஒன்றுமில்லாதவனுக்கு உதவி கிடைக்கலாம், கூட்டாளி கிடைப்பதில்லை. சுயபலம் கூட்டுறவுக்கு விரோதி அல்ல; அதுவே கூட்டுறவின் அஸ்திவாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஸார் ஒப்பந்தம் கையெழுத்தானது 2014-ம் வருஷம், முடிந்தது 2025-ல். இடையில் அங்கே மூன்று ஜனாதிபதிகள் பதவி வகித்தார்கள். இரு தேசங்களுக்கும் இடையே வர்த்தகச் சச்சரவுகளும் வந்து போயின. அவ்வளவுக்கும் நடுவில் எஞ்சினியர்கள் தங்கள் வேலையை விடவில்லை. ஒரு தனி மனிதனோ ஒரு கம்பெனியோ பதினோரு வருஷ வாக்கைக் காப்பாற்றுவது அரிது. ஒரு தேசிய ஸ்தாபனம் வேண்டியிருப்பது இதற்காகத்தான். தேசத்தின் பெயரால் கொடுத்த வார்த்தையை, ஆட்கள் மாறினாலும், அது காக்கிறது.

அண்டை வீட்டார்

பெரிய தேசங்களுடன் சமமாக உட்காருவதோடு நம் கடமை தீர்ந்துவிடுமா? தீராது. 2017-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி நமது பிஎஸ்எல்வி ராக்கெட் ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டு சென்றது; அவற்றுள் 101 பிற தேசத்தாருடையவை. அது பெருமைதான், ஆனால் பெரும்பாலும் கூலிக்குச் சுமந்த வேலை. வியாபாரம் வேறு, உறவு வேறு. அதே வருஷம் மே 5-ந் தேதி சென்ற தெற்காசியச் செயற்கைக்கோளையே நாம் மேலாக மதிக்கிறோம். ஆப்கானிஸ்தானம், வங்காள தேசம், பூடான், மாலத்தீவு, நேபாளம், இலங்கை ஆகிய அண்டை நாடுகளின் உபயோகத்துக்காக நம் தேசம் அளித்த பரிசு அது. பாகிஸ்தான் சேர மறுத்துவிட்டது; அதற்காகக் காரியம் நிற்கவில்லை.

வெள்ளம், புயல் முதலிய ஆபத்துக் காலத்தில் தங்கள் செயற்கைக்கோள் படங்களைப் பாதிக்கப்பட்ட தேசத்துக்கு இலவசமாகக் கொடுப்பதற்குப் பல தேசத்து ஸ்தாபனங்கள் சேர்ந்து ஓர் உடன்படிக்கை செய்திருக்கின்றன. இஸ்ரோ 2001-ம் வருஷத்திலேயே அதில் சேர்ந்தது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி நம் நாகப்பட்டினத்தையும் இலங்கையின் கரையையும் வாரிச் சென்றபோது இந்த உடன்படிக்கை பயன்பட்டது. அன்று நமக்குப் பிறர் படம் கொடுத்தார்கள்; மற்ற நாட்களில் பிறருக்கு நாம் கொடுக்கிறோம். கடன் என்றும் தானம் என்றும் பிரித்துச் சொல்ல முடியாத முறை இது.

எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறிய காரியம். இமயத்தின் மடியிலுள்ள பூடான், ஜனத்தொகையில் நம் ஜில்லா ஒன்றுக்குக்கூட ஈடாகாத ராஜ்யம். அதன் எஞ்சினியர்கள் பெங்களூருக்கு வந்து, யூ. ஆர். ராவின் பெயரால் விளங்கும் நிலையத்தில் செயற்கைக்கோள் செய்யவும் சோதிக்கவும் கற்றார்கள். இரு தேசத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிறு செயற்கைக்கோளை 2022-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி நமது ராக்கெட் வானவெளியில் சேர்த்தது. தும்பாவுக்கு அந்நாளில் வந்த அன்னிய விஞ்ஞானிகளின் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். ஆரியபட்டாவைச் செய்த இளைஞர்களின் இடத்தில் பூடானின் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஒரு வரிக்காகவே கணக்குப் புஸ்தகத்தை முழுதும் படித்தோம் என்று சொல்லலாம். கற்றுக் கொடுத்தவனுக்குக் கடனைத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் இயலாத காரியம். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பின்னால் வருகிறவனுக்குக் கற்றுக் கொடுப்பதுதான் அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. நம் வீட்டுப் பிள்ளைகள் ராக்கெட்டைப் பற்றிக் கேட்டால், நாம் யாரிடம் என்ன கற்றோம் என்பதையும், யார் மறுத்தபோது எப்படி உழைத்தோம் என்பதையும், இன்று யாருக்குக் கற்றுக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்தே சொல்லுவோமாக. மூன்றில் ஒன்றை விட்டாலும் கணக்கு சரிப்படாது.